கண்காணாத் தீவில் காவல்

அடைக்கலம் கேட்டுக் கடல் வழியே வருகிறவர்களைத் தன் கரையில் இறங்கவிடாமல், வேறொரு நாட்டுக்கோ தீவுக்கோ கொண்டுபோய் அங்கே அடைத்துவைப்பதைக் கடல் கடந்த தடுப்புக் காவல் என்கிறார்கள். வேலி, காவலர், தலையெண்ணிக்கை எல்லாம் உள்நாட்டு முகாமிலும் உண்டு. இந்த ஏற்பாட்டில் கூடுதலாக இருப்பது தூரம் ஒன்றுதான். வக்கீல் போக வேண்டுமானாலும், நிருபர் போக வேண்டுமானாலும் முதலில் கடலைத் தாண்ட வேண்டும்; அந்த நாடு விசா தர வேண்டும். முகாமின் உயரமான சுவர் அதுதான். இந்த முறையை அதிக காலமாகவும் அதிக செலவிலும் நடத்திப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஆஸ்திரேலியாவும் இணைந்திருக்கிறது. உயிருக்குப் பயந்து ஓடிவருபவர் விசா இல்லாமல் வந்தார் என்பதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது, ஆபத்து இருக்கும் இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பவை அதன் முக்கியமான இரண்டு விதிகள். ஆக, அகதிகளை வேண்டாம் என்று நினைக்கும் அரசு அவர்களைப் பிறந்த நாட்டுக்குத் துரத்தவும் முடியாது, உள்ளே விட்டால் மனுவை விசாரிக்காமல் இருக்கவும் முடியாது. மூன்றாவதாக ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடம் 2001இல் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய மீன்பிடிப் படகு ஒன்று ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்கு வடக்கே நடுக்கடலில் பழுதாகி நின்றது. அதிலிருந்த 433 பேரை நார்வே நாட்டுச் சரக்குக் கப்பலான டாம்பா காப்பாற்றியது. பெரும்பாலோர் தாலிபான்களுக்கு அஞ்சி வந்த ஆப்கானிய ஹசாரா இனத்தவர். கப்பல் தலைவர் ஆர்னே ரின்னன் அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் இறக்க அனுமதி கேட்டார். தேர்தலை எதிர்நோக்கியிருந்த பிரதமர் ஜான் ஹாவர்ட் மறுத்தார். கப்பல் ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் நுழைந்ததும் ராணுவச் சிறப்புப் படையினர் ஏறி அதைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டார்கள். நியூசிலாந்து சுமார் 130 பேரை ஏற்றுக்கொள்ள, மற்றவர்கள் கடற்படைக் கப்பலில் நவுருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. கிறிஸ்துமஸ் தீவு உள்ளிட்ட சில தீவுகள், விசா கேட்கும் விஷயத்தில் மட்டும், ஆஸ்திரேலியா அல்ல என்று ஆயின. நாட்டுக்கு ஆள் வருவதைத் தடுக்க நாட்டின் ஒரு பகுதியையே காகிதத்தில் சுருக்கிக்கொண்ட விசித்திரம் அது. நவம்பர் தேர்தலில் ஹாவர்ட் வென்றார்.

நவுரு 21 சதுர கிலோமீட்டர் நிலம். மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்தில் மொத்தத் தீவையும் சுற்றி வந்துவிடலாம். மக்கள்தொகை பத்துப் பன்னிரண்டாயிரம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அதன் நடுப்பகுதியை உரத்துக்கான பாஸ்பேட்டுக்காகப் பல பத்தாண்டுகள் தோண்டின. 1968இல் விடுதலை அடைந்தபின் எஞ்சிய பாஸ்பேட் பணத்தில் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றாகச் சில காலம் இருந்தது. பணம் கரைந்தபின் மிஞ்சியவை தோண்டிய பள்ளங்களும் கூரான சுண்ணாம்புப் பாறைகளும்தான். உதவிப் பணத்துக்காக முகாமை ஏற்கும் நிலையில் அந்த நாடு இருந்தது. முகாம் எழுந்ததும் அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான். இரண்டாவது முகாம் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில், ஒரு கடற்படைத் தளத்துக்குள் அமைந்தது.

முதல் சுற்றில், 2008 வரை, 1,637 பேர் இவ்விரு தீவுகளிலும் வைக்கப்பட்டார்கள். விசாரித்ததில் பத்தில் ஏழு பேர் உண்மையான அகதிகள் என்று தேறியது. அவர்களில் பெரும்பாலோர் கடைசியில் குடியேறியது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான். மானுஸ் முகாமில் மற்ற எல்லோரும் போனபின் குவைத்தில் பிறந்த பாலஸ்தீனர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். ஏறத்தாழ பத்து மாதம் அந்த முகாம் அவர் ஒருவருக்காக நடந்தது. காவலர்கள் வேலைக்கு வந்தார்கள், சமையல் நடந்தது. அவருக்குத் துணையாக இருந்தது ஒரு பூனை.

கெவின் ரட் அரசு 2008இல் இந்த முகாம்களை மூடியது. பிறகு படகுகள் பெருகின, கவிழ்ந்தும் போயின. 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதி நொறுங்கியதைக் கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள்; சுமார் ஐம்பது பேர் செத்தார்கள். கடலில் சாவதைத் தடுக்கவே முகாம் என்ற வாதம் அங்கிருந்து வலுத்தது. அதைப் போலி வாதம் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் மூழ்கியது நிஜம். 2012 ஆகஸ்டில் ஜூலியா கில்லார்ட் அரசு முகாம்களை மறுபடி திறக்க முடிவெடுத்தது. செப்டம்பரில் நவுருவுக்கு விமானத்தில் போன முதல் குழுவினர் இலங்கையர்கள். 2013 ஜூலை 19 அன்று, மீண்டும் பிரதமராகியிருந்த ரட், பப்புவா நியூ கினி பிரதமர் பீட்டர் ஓ'நீலுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஓர் அறிவிப்பு செய்தார்: இனிப் படகில் விசா இல்லாமல் வருகிற எவரும், அகதி என்றே நிரூபணமானாலும், ஆஸ்திரேலியாவில் ஒருநாளும் குடியேற முடியாது. முன்பு இருந்தது காத்திருப்பு. இப்போது வந்தது முடிவில்லாத காத்திருப்பு.

படகுகளை நிறுத்தியது இந்த முகாம்கள்தானா என்பது இன்றும் ஓயாத வழக்கு. நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். முகாம்கள் திறந்தபின் வந்த ஓராண்டில் படகுகள் குறையவில்லை. அதற்கு முந்தைய எந்த ஆண்டையும்விட அதிகம் பேர் வந்தார்கள். வரத்து உண்மையில் வற்றியது 2013 செப்டம்பரில் டோனி அபாட் பிரதமராகப் பதவியேற்று, கடற்படையை வைத்துப் படகுகளை நடுக்கடலில் மறித்துத் திருப்பத் தொடங்கிய பிறகு. 2014க்குப் பின் பல ஆண்டுகள் புதிதாக யாரும் தீவுகளுக்கு அனுப்பப்படவும் இல்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் மட்டும் எச்சரிக்கைப் பலகையாக அங்கேயே வைக்கப்பட்டார்கள்.

கடைசியாக அனுப்பப்பட்டவர்களில் தமிழர்கள் உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகு ஒன்றில் 157 இலங்கைத் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, இருந்தார்கள். இந்தியாவில் பல ஆண்டுகள் முகாம் வாழ்க்கை வாழ்ந்தவர்கள் அவர்களில் கணிசம். கிறிஸ்துமஸ் தீவை நெருங்கும்போது ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கித் திரும்பியது. இந்தியா உடனே ஏற்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அவர்கள் கப்பலிலேயே, ஆண்கள் ஒருபுறமும் குடும்பங்கள் ஒருபுறமுமாக, ஜன்னல் இல்லாத அறைகளில் இருந்தார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வெளியுலகத்துக்கும் அரசு சொல்லவில்லை. கடலில் நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே குடிவரவு அமைச்சரின் பதில். பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க மறுத்ததும், இரவோடு இரவாக நவுருவுக்கு விமானம் ஏற்றப்பட்டார்கள். கடலில் அப்படி அடைத்துவைத்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். பெயர் உயர் நீதிமன்றம் என்றாலும் அந்நாட்டில் அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது.

2012க்குப் பிறகு தீவுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். பிற்பாடு தனியாக வந்த ஆண்களுக்குப் பெரும்பாலும் மானுஸ், குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நவுரு என்று பிரித்தார்கள். நவுருவில் பூமத்திய ரேகை வெயிலில் பிளாஸ்டிக் கூடாரங்கள். பூஞ்சை படர்ந்த துணித் தடுப்புகளுக்கு இருபுறமும் குடும்பங்கள். சாப்பாட்டுக்கு வரிசை, குளிக்க வரிசை, தொலைபேசிக்கு வரிசை, தலைவலி மாத்திரைக்கும் வரிசை. ஆளுக்கு ஒரு படகு எண் உண்டு. படகுக்கு மூன்று எழுத்து, அதன்பின் ஆளுக்கு ஓர் எண். காவலர்கள் கூப்பிட்டது அதைச் சொல்லித்தான். 2015 அக்டோபரில் நவுரு முகாமின் கதவுகள் திறந்துவிடப்பட்டன, யாரும் வெளியே போய்வரலாம் என்று அறிவித்தார்கள். வெளியே என்றால் அதே 21 சதுர கிலோமீட்டர்.

மானுஸில் 2014 பிப்ரவரியில் கலவரம் நடந்தது. வேலிக்கு உள்ளே புகுந்து தாக்கியவர்களில் முகாம் ஊழியர்களும் இருந்தார்கள். 23 வயது ஈரானிய குர்து இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நடந்த இன்னொரு சாவு இந்த ஏற்பாடு வேலை செய்யும் விதத்தைக் கலவரத்தைவிடத் துல்லியமாகக் காட்டுகிறது. 24 வயது ஈரானியர் ஒருவருக்குக் காலில் சிறு புண். காய்ச்சல் வந்தது, தொற்று ரத்தத்தில் ஏறியது, முகாமில் இருந்த மருந்து கேட்கவில்லை. இவரை உடனே தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு அனுப்ப வேண்டும் என்று முகாம் மருத்துவர் எழுதினார். நோயாளியை அனுப்பும் அதிகாரம் மருத்துவருக்கு இல்லை. கோரிக்கை ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள குடிவரவுத் துறைக்குப் போனது. அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மின்னஞ்சல்கள் நகர்ந்தன. அந்த மருந்து ஏன் மானுஸிலேயே கிடைக்காது என்று கேள்வி வந்தது. அனுமதி வருவதற்குள் அன்றைய விமானம் போய்விட்டது. கடைசியில் பிரிஸ்பேன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது மூளை செயலிழந்திருந்தது. இது தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று குயின்ஸ்லாந்து மரண விசாரணை அதிகாரி 2018இல் முடிவு சொன்னார்.

அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சுற்றிச் சுற்றி வரும். முகாம் பப்புவா நியூ கினியுடையது என்றது ஆஸ்திரேலியா. பணமும் உத்தரவும் ஆஸ்திரேலியாவுடையவை என்பது எல்லோருக்கும் தெரியும். நிர்வாகம் ஒரு தனியார் நிறுவனத்திடம், காவல் இன்னொன்றிடம், மருத்துவம் வேறொன்றிடம். ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட இடமிருந்தது. தீவுக்கு அனுப்பப்பட்டது அகதிகள் மட்டுமல்ல, பொறுப்பும்தான்.

நவுருவின் குழந்தைகள் கதை தனி. 2016 ஆகஸ்டில் கார்டியன் நாளிதழ் முகாம் ஊழியர்களே எழுதிய 2,116 சம்பவ அறிக்கைகளை வெளியிட்டது. அங்கிருந்தவர்களில் குழந்தைகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அறிக்கைகளில் பாதிக்கு மேல் அவர்களைப் பற்றியவை. அடி, பாலியல் சீண்டல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் என்று எல்லாம் அலுவலக நடையில், வரிசை எண் போட்டுப் பதிவாகியிருந்தன. 2018இல் சில குழந்தைகள் பேசுவதை நிறுத்தினார்கள், பிறகு சாப்பிடுவதை, பிறகு கண் திறப்பதை. படுக்கையில் அசைவற்றுக் கிடந்தவர்களுக்குக் குழாய் வழியே ஊட்ட வேண்டியிருந்தது. ஸ்வீடனில் அகதிக் குழந்தைகளிடம் முன்பே காணப்பட்ட நோய்நிலை இது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நவுருவில் பதினோரு மாதம் மனநல சிகிச்சை அளித்தது. அங்கே பார்த்த அகதி நோயாளிகளில் பத்தில் ஆறு பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது என்று பதிந்தது. அந்த அக்டோபரில் நவுரு அரசு அந்த அமைப்பை வெளியேறச் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் மருத்துவர்களும் பெற்றோரும் குரல் எழுப்பினார்கள். 2019 பிப்ரவரியில் கடைசிக் குழந்தைகள் தீவைவிட்டுப் போனார்கள். அதே காலத்தில், இரண்டு மருத்துவர்கள் சொன்னால் நோயாளியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரலாம் என்ற சட்டம் அரசின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு அதை ரத்து செய்தது.

இவற்றையெல்லாம் வெளியில் சொல்வது எளிதாக இல்லை. நவுரு செய்தியாளர் விசாவுக்கான கட்டணத்தை 2014இல் 8,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியது. விசா மறுத்தாலும் பணம் திரும்பத் தரப்படவில்லை. முகாமில் வேலை பார்த்தவர்கள் கண்டதைச் சொன்னால் இரண்டாண்டு சிறை என்று ஆஸ்திரேலியாவில் 2015இல் சட்டம் வந்தது. மருத்துவர்கள் வழக்குக்குப் போனபின் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அடிப்படையிலேயே இதில் ஒரு முரண் உண்டு. இந்தோனேசியத் துறைமுகத்தில் படகுக்குக் காத்திருப்பவர் காதில் முகாமின் கொடுமை விழ வேண்டும். இல்லாவிட்டால் அவர் பயப்பட மாட்டார். சிட்னியில் ஓட்டுப் போடுகிறவர் கண்ணில் அது படக் கூடாது.

பட்டது, ஒரு கைபேசியால். எம்இஜி 45 என்ற படகு எண் கொண்ட ஈரானிய குர்துப் பத்திரிகையாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, மானுஸில் இருந்தபடி பாரசீக மொழியில் துண்டு துண்டாக வாட்ஸ்அப் செய்திகளாக ஒரு புத்தகம் எழுதினார். கைபேசி பறிபோகும் என்ற பயத்தில் எழுதியதை எழுதியவுடன் அனுப்பிவிடுவார். ஓமித் தொஃபிகியான் அதை ஆங்கிலமாக்கினார். 2019 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் மிகப் பெரிய இலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தபோது, பரிசு வாங்க அவரால் ஆஸ்திரேலியாவுக்குள் வர முடியவில்லை. கைபேசியிலேயே ரகசியமாகக் காட்சிகள் பிடித்து, நெதர்லாந்திலிருந்த ஒரு இயக்குநருடன் சேர்ந்து ஒரு படமும் எடுத்தார். அதன் தலைப்பில் வரும் சௌக்கா என்பது மானுஸ் தீவின் பறவை. அது கூவும் நேரம் பார்த்து மக்கள் பொழுது அறிவார்கள். முகாமில் தனிமைச் சிறைக்கும் சௌக்கா என்றே பெயர் வைத்திருந்தார்கள். பூச்சானி இப்போது நியூசிலாந்தில் அடைக்கலம் பெற்றவர்.

மானுஸ் முகாமை மூடவைத்தது பப்புவா நியூ கினியின் உச்ச நீதிமன்றம். குற்றம் செய்யாதவரை இப்படி அடைத்துவைப்பது அந்நாட்டு அரசமைப்பு தரும் தனிமனிதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2016 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். பணக்கார நாட்டின் நீதிமன்றம் அனுமதித்ததை ஏழை நாட்டின் நீதிமன்றம் தடுத்தது. 2017 அக்டோபர் 31 அன்று முகாம் மூடப்பட்டபோது சுமார் 600 பேர் வெளியேற மறுத்தார்கள். ஊருக்குள் போனால் தாக்கப்படுவோம் என்று பயந்தார்கள். மின்சாரம், தண்ணீர், சாப்பாடு நிறுத்தப்பட்டன. அவர்கள் தரையைத் தோண்டிக் கிணறு எடுத்தார்கள், குப்பைத் தொட்டிகளைக் கழுவி மழைநீர் பிடித்தார்கள். மூன்று வாரத்துக்குமேல் தாக்குப்பிடித்தபின் போலீஸ் இரும்புத்தடிகளோடு வந்து வெளியேற்றியது. அந்த ஆண்டு மானுஸில் அடைபட்டவர்கள் தொடுத்த வழக்கில் ஆஸ்திரேலிய அரசு, தவறை ஒப்புக்கொள்ளாமலே, 7 கோடி டாலர் இழப்பீடு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

செலவுக் கணக்கும் மயக்கம் தரும். ஒருவரைத் தீவில் வைத்திருக்க ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கும் மேல் ஆனதாக அரசின் தணிக்கைத் துறையே எழுதியது. ஆள் குறையக் குறையத் தலைக்கான செலவு ஏறியது. அகதிகளை ஏற்க கம்போடியாவுக்கு 4 கோடி டாலர் உதவி தந்தார்கள். போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஒபாமா காலத்தில் பேசி முடித்து, டிரம்ப் எரிச்சலோடு ஏற்ற ஒப்பந்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா போனார்கள். ஆண்டுக்கு 150 பேரை எடுத்துக்கொள்வதாக நியூசிலாந்து 2013இலேயே முன்வந்தது. ஆஸ்திரேலியா அதை ஏற்றது 2022இல். நடுவில் கழிந்த ஒன்பது ஆண்டுகள் யாருடையவை என்பது வேறு கணக்கு.

தமிழர்களுக்கு நேர்ந்த இன்னொரு தீவுக் காவல் இந்தியப் பெருங்கடலில். 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன 89 இலங்கைத் தமிழர்களின் படகு ஓட்டை விழுந்து தத்தளிக்க, பிரிட்டன் கடற்படை அவர்களை டியேகோ கார்சியாவுக்குக் கூட்டிவந்தது. அது பிரிட்டன் வசமுள்ள, அமெரிக்க ராணுவத் தளம் இயங்கும் தீவு; அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்களை பிரிட்டன் முன்பே அப்புறப்படுத்திவிட்டது. கால்பந்து மைதானம் அளவுக்கு வேலி போட்ட இடத்தில் கூடாரங்களில் அவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். கூடாரத்துக்குள் எலிகள் கூடு கட்டின. சிலர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். அகதிகள் உடன்படிக்கை இந்தத் தீவுக்குப் பொருந்தாது, அவர்கள் காவலிலும் இல்லை என்று நிர்வாகம் வாதிட்டது. தீவின் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அது சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சற்று முன்பு, அங்கே எஞ்சியிருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவைப் பார்த்து மற்றவர்களும் முயன்றார்கள். அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் 2022 திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2024இல் கைவிடும்வரை 70 கோடி பவுண்டு செலவாகி, தாமாக முன்வந்து போனவர்கள் நான்கே பேர். இத்தாலி அல்பேனியாவில் கட்டிய முகாமுக்கு 2024 அக்டோபரில் போர்க்கப்பலில் அனுப்பிய முதல் 16 பேரும் சில நாட்களில் இத்தாலிக்கே வந்துசேர்ந்தார்கள்.

நவுரு 2023 ஜூனில் காலியானது. முகாம் மட்டும் பணம் கொடுத்துத் தயார்நிலையில் வைக்கப்பட்டது. செப்டம்பரில் புதிதாக வந்தவர்கள் மறுபடி அங்கே அனுப்பப்பட்டார்கள். சிறு வயதில் துணையின்றி வந்து நவுருவில் அடைபட்ட 24 பேர் தொடுத்த முறையீட்டில், 2025 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைக் குழு ஆஸ்திரேலியாவைக் குற்றம் சொன்னது: ஆளை வேறு நாட்டுக்கு அனுப்புவதால் பொறுப்பு கூடவே போய்விடாது, முகாமின் பிடி யார் கையில் இருந்ததோ அவர்களே பதில் சொல்ல வேண்டும். அந்த 24 பேரில் இலங்கையரும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியா நவுருவுடன் இன்னொரு ஒப்பந்தம் செய்தது. நாடு கடத்த வழியில்லாதவர்களைக் காலவரையின்றி அடைத்துவைக்கக் கூடாது என்ற ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பால் வெளியே வந்தவர்களை, அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு குற்றத்துக்கான தண்டனையை அனுபவித்து முடித்தவர்கள், நவுருவுக்கு அனுப்ப அது வழி செய்கிறது. தொடக்கத்தில் 40 கோடியே 80 லட்சம் டாலர், பிறகு ஆண்டுதோறும் 7 கோடி; நவுரு தருவது 30 ஆண்டு விசா.